நான்கு பாட்டுக் கையிருப்பு

2008 ஜூலையில் பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இணைய இதழ் ஒரு புதிய ஆல்பத்துக்கு விமர்சனம் வெளியிட்டது. அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. சப்பை மூக்கும் சுருங்கிய முகமுமாக இரண்டு பக் நாய்களின் புகைப்படம். கூடவே ‘ஸாரி’ என்ற ஒற்றைச் சொல், அதையடுத்து வாய் கோணிய முகத்தைக் காட்டும் மூன்று குறிகள். பத்துக்கு 3.3 என்று மதிப்பெண். அவ்வளவுதான். ஆல்பத்தின் பெயர் ‘பார்ட்டி டிராமாட்டிக்’. ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரத்திலிருந்து வந்த பிளாக் கிட்ஸ் என்ற ஐவர் குழுவின் முதல் ஆல்பம் அது.

ஒரு ஆல்பம் 3.3 வாங்குவது பெரிய செய்தி இல்லை. ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன், 2007 அக்டோபரில், இதே இதழ் இதே குழுவின் நான்கு பாட்டுகளுக்கு 8.4 போட்டிருந்தது. இந்த வருடம் கேட்டே ஆகவேண்டிய புதுக் குரல் என்று தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்த நான்கு பாட்டுகளும் இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. மொத்தம் பத்துப் பாட்டு. அதில் நான்கு, அக்டோபரில் 8.4 வாங்கியவை. அதே ராகம், அதே வரிகள், அதே குரல். அப்படியானால் அந்த ஒன்பது மாதத்தில் மாறியது என்ன?

ஜாக்சன்வில் இசைக்குப் புதிய ஊர் அல்ல. ஆல்மன் பிரதர்ஸ் குழு 1969-இல் அங்கேதான் உருவானது. லெனர்ட் ஸ்கினர்ட் அந்த ஊர்ப் பிள்ளைகள். தொண்ணூறுகளில் லிம்ப் பிஸ்கிட் அங்கிருந்து கிளம்பியது. முரட்டுக் கிதாருக்குப் பேர்போன அந்த ஊரில் 2006-இல் ரெஜி யங்பிளட், அவருடைய சகோதரி அலி யங்பிளட், டான் வாட்லி, ஓவன் ஹோம்ஸ், கெவின் ஸ்னோ ஆகியோர் கூடி, முற்றிலும் வேறொரு திசையில் போனார்கள். கீபோர்டில் இனிப்பான மெட்டு, அதன் கீழே ஆட வைக்கும் தாளம், நடுவில் ரெஜியின் குரல். விம்மலும் கெஞ்சலும் கலந்த அந்தக் குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் இங்கிலாந்தின் ‘த க்யூர்’ குழுப் பாடகர் ராபர்ட் ஸ்மித்தை நினைத்துக்கொண்டார்கள். கீபோர்டு வாசித்த அலியும் டானும் பின்னாலிருந்து கோரஸாகக் குரல் கொடுத்தார்கள். ஐவரில் யங்பிளட் உடன்பிறப்புகள் இருவரும் கறுப்பினத்தவர், மற்ற மூவரும் வெள்ளையர். வெள்ளை இளைஞர்களின் தனிச்சொத்தாகவே பார்க்கப்பட்ட ஓர் இசை வகைக்குள் இப்படியொரு பெயருடன் நுழைந்ததே துணிச்சல்தான்.

அந்த இசை வகைக்கு இண்டி பாப் என்று பெயர். அந்தச் சொல்லை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்டிபென்டென்ட் என்பதன் சுருக்கம்தான் ‘இண்டி’. பெரிய நிறுவனங்களின் பணமில்லாமல், சிறிய இசைத்தட்டு நிறுவனங்களின் துணையோடு வெளிவந்த இசைக்கு எண்பதுகளின் பிரிட்டனில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 1986-இல் என்.எம்.இ. வார இதழ் ‘சி86’ என்ற ஒலிநாடாவில் அப்படிப்பட்ட குழுக்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, அந்தச் சொல் ஒரு வியாபார ஏற்பாட்டை மட்டுமல்லாமல் ஒரு தொனியையும் குறிக்கத் தொடங்கியது: மெல்லிய கிதார், கூச்ச சுபாவமுள்ள பாடகர், வீட்டு அறையில் பதிவு செய்தது போன்ற ஒலி. காலப்போக்கில் தொனி நிலைத்தது, ஏற்பாடு மாறியது. ‘பார்ட்டி டிராமாட்டிக்’கை அமெரிக்காவில் வெளியிட்டது நூறாண்டு கடந்த கொலம்பியா நிறுவனம்.

பிளாக் கிட்ஸின் ஏற்றம் தொடங்கியது 2007 ஆகஸ்டில். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ், ஆர்.இ.எம்., பி-52ஸ் குழுக்களைத் தந்த கல்லூரி நகரம். அங்கே நடந்த பாப்ஃபெஸ்ட் விழாவில் இவர்கள் வாசித்தார்கள். அதே சமயத்தில் ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ என்ற நான்கு பாட்டுச் சிறு தொகுப்பை மைஸ்பேஸ் தளத்தில் இலவசமாகப் போட்டார்கள். காசு இல்லை, தட்டு இல்லை, கடை இல்லை. விரும்பியவர் இறக்கிக் கேட்கலாம். விழாவில் பார்த்தவர்கள் எழுதினார்கள், அதைப் படித்தவர்கள் இறக்கினார்கள், இறக்கியவர்கள் மறுபடி எழுதினார்கள். சில வாரங்களில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் வரை பெயர் போய்ச் சேர்ந்தது. அதற்கும் மேலே வந்து உட்கார்ந்தது பிட்ச்ஃபோர்க்கின் 8.4.

அந்த எண்ணின் கனம் அன்றைக்கு எவ்வளவு என்பதை இன்றைய வாசகருக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1996-இல் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் மினியாபொலிஸ் பகுதியில் தனியாளாகத் தொடங்கிய இதழ் அது. பிறகு சிகாகோவுக்குப் போனது. நட்சத்திரம் போடாமல் புள்ளி வைத்த மதிப்பெண் போட்டது அதன் அடையாளம். 2004-இல் ஆர்கேட் ஃபயர் குழுவின் முதல் ஆல்பம் ‘ஃப்யூனரல்’ 9.7 வாங்கியது, அதை வெளியிட்ட மெர்ஜ் என்ற சிறு நிறுவனம் முதன்முறையாக பில்போர்டு 200 பட்டியலில் இடம் பிடித்தது. 2005-இல் கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யா என்ற குழு, நிறுவனமே இல்லாமல் சொந்தமாக வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு 9.0 கிடைத்தது. குவிந்த ஆர்டர்களுக்குக் குழுவினரே உட்கார்ந்து குறுந்தகடுகளை உறையிலிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. எதிர்த்திசையிலும் அதே வேகம். 2004-இல் டிராவிஸ் மாரிசன் என்ற பாடகர் தன் குழு கலைந்த பிறகு வெளியிட்ட முதல் தனி ஆல்பத்துக்கு 0.0 விழுந்தது. அவருடைய தனிப் பயணத்தை அந்த ஒரே எண் முடக்கிப்போட்டது என்று இன்றும் பேசுகிறார்கள்.

ஓர் எண்ணைக் கொண்டு இப்படி எதிர்பார்ப்பை ஏற்றிவிடுவதைத்தான் தமிழில் நாம் பில்டப் என்று சொல்கிறோம். ஆனால் பில்டப் கொடுப்பவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த நான்கு பாட்டுகளும் நிஜமாகவே நன்றாக இருந்தன. 8.4 போட்டவர் காதில் குறை இல்லை.

பிரிட்டன் இன்னும் வேகமாக ஓடியது. நாடு சிறியது, ஒரு வானொலி, ஓரிரு இசை இதழ்கள் மனசு வைத்தால் நாடு முழுக்கப் பெயர் பரவிவிடும். 2003 முதல் பி.பி.சி. ஒவ்வொரு ஆண்டும் விமர்சகர்களையும் இசைத்துறையினரையும் கேட்டு, வரப்போகும் ஆண்டில் யார் பெரிதாக வருவார்கள் என்று பட்டியல் போடுகிறது. 2008-க்கான பட்டியலின் உச்சியில் அடேல், அடுத்து டஃபி. நீண்ட பட்டியலில் வாம்பயர் வீக்கெண்ட், எம்.ஜி.எம்.டி., ஃபோல்ஸ் ஆகியோருடன் பிளாக் கிட்ஸ் பெயரும் இருந்தது. அதே பட்டியலில் இருந்த ஜோ லீன் அண்ட் த ஜிங் ஜாங் ஜாங் குழுவின் கதை இன்னும் விசித்திரம். ஆல்பம் முடிந்து, பத்திரிகைகளுக்குப் பிரதிகள் போன பிறகு, பதிவு பிடிக்கவில்லை என்று குழுவே அதை நிறுத்திவிட்டது. அந்த ஆல்பம் வெளிவரவே இல்லை. பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது.

இந்தச் சூழலில் பிளாக் கிட்ஸ் தங்கள் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராகத் தேர்ந்தெடுத்தவர் பெர்னார்ட் பட்லர். பிரிட்டனிலேயே இந்தப் பரபரப்பை உள்ளிருந்து அனுபவித்தவர்களில் ஒருவர். 1992 ஏப்ரலில் மெலடி மேக்கர் வார இதழ், ஒரு பாட்டுகூட வெளியிடாத ஸ்வேட் என்ற குழுவை அட்டையில் போட்டு, பிரிட்டனின் மிகச் சிறந்த புதுக்குழு என்று அறிவித்தது. அந்தக் குழுவின் கிதார்க்காரர் பட்லர். அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் நேராக முதலிடத்துக்குப் போனது. 1984-இல் ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் ஆல்பத்துக்குப் பிறகு இவ்வளவு வேகமாக விற்ற முதல் ஆல்பம் வேறில்லை என்றார்கள். அந்த ஆண்டின் மெர்க்குரி பரிசும் அதற்கே. ஆனால் மறு ஆண்டே, இரண்டாவது ஆல்பத்தின் பதிவு முடியும் முன், பட்லர் குழுவை விட்டு வெளியேறினார்.

அப்படிப்பட்ட மனிதர் தயாரித்தும் பிளாக் கிட்ஸின் ஆல்பம் ஏன் ஸ்வேட்டின் ஆல்பம் போல நிற்கவில்லை? திறமைக் குறைவு என்ற பதில் எளிது. ஆனால் அது சரியான பதில் அல்ல. பதில் கையிருப்பில் இருக்கிறது.

ஸ்வேட் தொடங்கியது 1989-இல். மூன்று ஆண்டுகள் யாரும் அவர்களைச் சீண்டவில்லை. காலியான அரங்குகளில் வாசித்தார்கள், பாட்டு எழுதினார்கள், கிழித்தார்கள், மறுபடி எழுதினார்கள். மெலடி மேக்கர் அட்டையில் வந்தபோது அவர்களிடம் ஆல்பத்துக்குப் போக மிச்சமும் இருந்தது. தனிப்பாட்டுத் தட்டுகளின் பின்பக்கத்துக்குக் கொடுத்த பாட்டுகள்கூட அத்தனை தரம். பிற்பாடு 1997-இல் அப்படிப்பட்ட பின்பக்கப் பாட்டுகளை மட்டுமே தொகுத்து இரட்டை ஆல்பமாக வெளியிட முடிந்தது. புகழ் கதவைத் தட்டியபோது வீட்டில் அரிசி இருந்தது.

ஷெஃபீல்டு நகரத்தின் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவும் அப்படித்தான். 2006 ஜனவரியில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,63,735 பிரதிகள் விற்றது. எந்தக் குழுவின் முதல் ஆல்பமும் அதுவரை அப்படி விற்றதில்லை. மைஸ்பேஸ் உருவாக்கிய குழு என்று பத்திரிகைகள் எழுதின. நடந்தது வேறு. 2003 ஜூனில் ‘த கிரேப்ஸ்’ என்ற மதுக்கூடத்தில் முதல் மேடை ஏறியவர்கள், தங்கள் மாதிரிப் பதிவுகளைத் தட்டுகளில் எரித்துக் கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். கேட்டவர்கள் அவற்றை இணையத்தில் ஏற்றிப் பகிர்ந்தார்கள். டாமினோ நிறுவனம் 2005-இல் ஒப்பந்தம் போடும் முன்பே ஒன்றரை டஜன் பாட்டுகள் ரசிகர் கையில் இருந்தன. கச்சேரிக்கு வந்த கூட்டம், தட்டே வராத பாட்டுகளை வரிக்கு வரி கூடச் சேர்ந்து பாடியது. முதலில் கூட்டம் வந்தது, விமர்சகர் பின்னால் வந்தார்.

பிளாக் கிட்ஸுக்கு வரிசை தலைகீழாக நடந்தது. விமர்சகர்கள் முதலில் வந்தார்கள். கூட்டம் சேர நேரமே கிடைக்கவில்லை. உலகம் கேட்டிருந்தது நான்கே பாட்டு. அந்த நான்கை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையின் குரல் என்ற அளவுக்கு எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டார்கள். முதல் ஆல்பம் எழுத வாழ்நாள் முழுக்க நேரம் உண்டு, இரண்டாவதற்கு ஆறு மாதம்தான் என்று மேற்கத்திய இசைத்துறையில் ஒரு பேச்சு வழங்கிவருகிறது. பிளாக் கிட்ஸுக்கு முதல் ஆல்பமே இரண்டாவது ஆல்பத்தின் நெருக்கடியோடு வந்துவிட்டது. இதே 2008 ஜனவரியில் முதல் ஆல்பம் வெளியிட்ட வாம்பயர் வீக்கெண்ட் மீதும் குறையாத பரபரப்பு இருந்தது. ஆல்பம் கடைக்கு வரும் முன்பே ஸ்பின் இதழ் அவர்களை அட்டைக்காகப் படம் எடுத்தது. ஆனால் அவர்களுடைய பதிவு வேலையில் பெரும்பங்கு, பெயர் பரவும் முன் நண்பர்களின் வீடுகளிலும் கீழ்த்தளங்களிலும் நடந்து முடிந்திருந்தது. வெளிச்சம் வந்தபோது காட்டுவதற்குப் பண்டம் தயார்.

இனி அந்தப் பாட்டுகளையே காது கொடுத்துக் கேட்போம். ‘ஐம் நாட் கோனா டீச் யுவர் பாய்ஃபிரண்ட் ஹவ் டு டான்ஸ் வித் யூ’. தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது: உன் காதலனுக்கு உன்னோடு ஆட நான் கற்றுத்தர மாட்டேன். ஒரு பெண்ணை மனதுக்குள் வைத்திருக்கும் ஒருவரின் புலம்பல் அது. அந்தப் பெண்ணுக்கோ ஆடத் தெரியாத காதலன் ஒருவன் இருக்கிறான். பாடுவது ஆண் குரல். ஆனால் முதல் வரியிலேயே அந்தக் குரல் தான் சிறுமியாக இருந்த நாள்களை நினைவுகூர்கிறது. கேட்பவர் ஒரு கணம் தடுமாறுகிறார். பேசுவது யார், ஆணா பெண்ணா? அந்தத் தடுமாற்றத்துக்கு விளக்கம் தராமல் பாட்டு ஓடிவிடுகிறது. பல்லவி வரும்போது இரண்டு பெண் குரல்களும் ஆடச் சொல்லி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூவுகின்றன. வயிற்றெரிச்சலைப் பாடும் பாட்டுக்குக் கால்கள் தானாகத் தாளம் போடுகின்றன. துக்கத்தை ஆட்டமாக்கும் இந்தக் கலையைப் பாப் இசை எப்போதும் தேடிக்கொண்டிருக்கிறது, எப்போதாவதுதான் கிடைக்கிறது.

இலவசப் பதிப்பில் இந்தப் பாட்டின் ஒலி கரடுமுரடானது. ரெஜியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலிக்கிறது. பெண்களின் கூவல் பக்கத்து அறையில் நடக்கும் விருந்திலிருந்து சுவர் தாண்டி வருவது போலக் கேட்கிறது. அந்தத் தூரம்தான் பாட்டின் உயிர்: விருந்துக்கு அழைக்கப்படாதவர் வெளியே நின்று பாடுகிறார். பட்லரின் பதிப்பில் சுவர் இல்லை. தாளம் பளிச்சென்று முன்னால் நிற்கிறது, கூவல் காதருகே வருகிறது, கிதாரும் கீபோர்டும் தத்தம் இடத்தில் துலக்கிவைத்த பாத்திரம் போல மின்னுகின்றன. வானொலிக்கு இதுதான் சரி. பிரிட்டனின் தனிப்பாட்டு வரிசையில் அது 11-ஆம் இடம் வரை போனதும் இதனால்தான். ஆனால் வெளியே நின்ற பாடகர் இப்போது விருந்தின் நடுவில் நிற்கிறார். அவருடைய ஏக்கத்துக்குப் பாதிக் காரணம் போய்விட்டது.

துணையில்லாத வெள்ளிக்கிழமை இரவைப் பாடும் ‘ஹரிக்கேன் ஜேன்’ இந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது. மெட்டு அத்தனை உறுதி. மற்ற ஆறு பாட்டுகளில் ‘லிசன் டு யுவர் பாடி டுநைட்’ உடம்பைச் சும்மா இருக்க விடாத பாட்டு. கடைசிப் பாட்டான ‘லுக் அட் மீ’யில் பழைய குறும்பு திரும்பி வருகிறது. ‘ஐ வான்னா பி யுவர் லிமோசின்’ போன்ற சில, தலைப்பின் வேடிக்கைக்கு மேல் வளரவில்லை. மொத்தத்தில் முதல்தரப் பாட்டுகள் நான்கு, நல்ல பாட்டுகள் இரண்டு மூன்று, இடத்தை நிரப்புபவை சில. ஒரு சின்னக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு இது கௌரவமான கணக்கு. பிரிட்டனில் ஆல்பம் 5-ஆம் இடம் வரை ஏறியது.

ஆகவே அந்த நாய்ப் படத்தைக் கோபத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ‘ஸாரி’ யாருக்கு? குழுவுக்கா, வாசகருக்கா, தான் போட்ட 8.4-க்கா? மூன்றுக்கும் பொருந்தும்படி விட்டுவிட்டார்கள். முன்பு சொன்னது தவறு என்றால் எங்கே தவறினோம் என்று எழுதியிருக்கலாம். முன்பு பிடித்தது இப்போது ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு பத்தியாவது சொல்லியிருக்கலாம். விமர்சனம் காரணத்தோடு வர வேண்டும். இரண்டு ஆண்டு உழைத்த ஐந்து பேருக்குக் காரணம் கேட்கும் உரிமை உண்டு. மதிப்பெண்கள் மாறும் என்பதை அந்த இதழே பிற்பாடு ஒப்புக்கொண்டது. 2021-இல் பழைய ஆல்பங்கள் 19-க்கு மதிப்பெண்ணைத் திருத்தியது. டாஃப்ட் பங்க் குழுவின் ‘டிஸ்கவரி’க்கு 2001-இல் போட்ட 6.4 அன்றைக்குப் பத்துக்குப் பத்து ஆனது. அப்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் விளக்கம் எழுதினார்கள். 2008-இலும் அந்தப் பொறுப்பைக் காட்டியிருக்கலாம்.

அதே 2008-இல் பட்லர் இன்னொரு முதல் ஆல்பத்திலும் வேலை செய்தார்: டஃபியின் ‘ராக்ஃபெரி’. அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுதான். மறு ஆண்டு பிரிட் விருதுகளில் சிறந்த தயாரிப்பாளர் விருது பட்லருக்குக் கிடைத்தது. ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு, பி.பி.சி.யின் ஒரே பட்டியலில் இருந்த இரண்டு பெயர்கள். டஃபியோ அந்த ஆல்பத்துக்காகப் பட்லருடன் பல ஆண்டுகள் செலவழித்திருந்தார்.

பரபரப்பைக் கிளப்பிய இயந்திரங்களும் நிலைக்கவில்லை. 2005-இல் 58 கோடி டாலருக்கு விலைபோன மைஸ்பேஸ், 2019-இல் ஒரு செய்தியை ஒப்புக்கொண்டது: சர்வர் மாற்றும்போது, 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் அழிந்துவிட்டன. சுமார் 1.4 கோடிக் கலைஞர்களின் 5 கோடிப் பாட்டுகள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். 2015-இல் காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போன பிட்ச்ஃபோர்க், 2024 ஜனவரியில் பலர் வேலையிழக்க, ஜி.க்யூ. என்ற ஆண்கள் இதழின் கீழ் சேர்க்கப்பட்டது. மெலடி மேக்கர் 2000-லேயே நின்றுவிட்டது. என்.எம்.இ. 2018-இல் அச்சு வாரப் பதிப்பை நிறுத்தியது.

பிளாக் கிட்ஸ் இரண்டாவது ஆல்பமான ‘ரூக்கி’யை 2017-இல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் காத்திருக்க முடியாத உலகம், ஒன்பது ஆண்டு கழித்து வந்த அந்த ஆல்பத்தைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. வாசகர்கள் ஒன்று செய்யலாம். எந்த மதிப்பெண்ணையும் பார்க்காமல், ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ கிடைத்தால் முதலில் அந்த நான்கு பாட்டையும், பிறகு ‘பார்ட்டி டிராமாட்டிக்’கில் அதே நான்கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சுமார் அரை மணி நேரம்தான் ஆகும்.